கீபோர்டுக்குள் கம்ப்யூட்டர்: மாலை நேர மையத்துக்கு ராஸ்பெரி பை 400 சரிப்படுமா?

சமுதாயக் கூடத்தில் ஓர் அறை, சுவரில் இரண்டு பிளக் பாயின்ட், சாயங்காலம் 6 முதல் 8 வரை வகுப்பு. வருகிறவர்கள்: வீட்டு வேலை முடித்து வரும் பெண்கள், சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர்கள், பத்தாவதோடு நின்றுபோன பிள்ளைகள், பேரனைக் கையில் பிடித்தபடி வரும் பாட்டி ஒருவர். பாதிப் பேர் மவுஸைத் தொட்டதே இல்லை. இப்படி ஓர் அடிப்படைக் கம்ப்யூட்டர் வகுப்பைத் தொடங்கும் எந்தக் குழுவும் முதலில் முட்டிக்கொள்வது, எந்த மெஷினை வாங்குவது என்பதில்தான். நன்கொடை தருகிறவர்களில் யாராவது ஒருவர் "ராஸ்பெரி பை வாங்கிப் போடுங்கள், சல்லிசாக முடிந்துவிடும்" என்பார். ராஸ்பெரி பை என்பது விலை குறைந்த சிறிய கம்ப்யூட்டர் வகை; அதில் கீபோர்டு வடிவில் வருவது 400. அந்த யோசனையைத்தான் இங்கே உரசிப் பார்க்கிறோம். புரோகிராமிங் பழகும் பொறியியல் மாணவருக்கு ராஸ்பெரி பை 400 எப்படி என்று சொல்ல யூடியூபில் ஆள் நிறைய. முதன்முதலாக மவுஸ் பிடிக்கிறவருக்கும், அவருக்குச் சொல்லித்தருகிறவருக்கும் அது எப்படி என்பதே இங்கு கேள்வி.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. 2020 நவம்பரில் வந்தது. வெள்ளையும் சிவப்புமான சிறிய கீபோர்டு. அதற்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடக்கம். 1.8 கிகாஹெர்ட்ஸ் நான்கு கோர் சிப், 4 ஜிபி ரேம், வைஃபை, புளூடூத், ஈதர்நெட், மூன்று யுஎஸ்பி துளைகள், இரண்டு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ துளைகள். ஹார்டு டிஸ்க் இல்லை. மைக்ரோ எஸ்டி மெமரி கார்டில்தான் எல்லாம். வெளியானபோது தனி மெஷின் 70 டாலர். மவுஸ், பவர் அடாப்டர், கேபிள், மெமரி கார்டு, கையேடு சேர்ந்த பெட்டி 100 டாலர். இங்கே வரியும் இறக்குமதிச் செலவும் சேர்ந்து கூடும். 2024 டிசம்பரில் இதன் தம்பியாக 8 ஜிபி ரேமோடு பை 500 வந்துவிட்டது. அது வேகமானது, விலையும் கூட. அடிப்படை வகுப்புக்கு 400-ஏ போதும் என்பது எங்கள் எண்ணம்.

70 டாலர் என்ற எண்ணைப் பார்த்துப் பட்ஜெட் போட்டால் பாதி வழியில் கை கடிக்கும். மானிட்டர் தனி. பழைய அலுவலக மானிட்டர்கள் இனாமாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலும் விஜிஏ துளைதான் இருக்கும். ஆக, ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒன்று வேண்டும். அதை வாங்கும்போது 3.5 மிமீ ஆடியோ துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். காரணம், பை 400-இல் ஹெட்போன் துளையே கிடையாது. தமிழ் ஒலியோடு கூடிய பாடம் போட்டுக் காட்ட நினைக்கிறவர்கள் இதை வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். அடாப்டரில் ஆடியோ வராவிட்டால் யுஎஸ்பி ஹெட்செட் ஒன்றே வழி.

மைக்ரோ ஹெச்டிஎம்ஐ துளை இந்த மெஷினின் மெலிந்த இடம். இதுதான் கீபோர்டு என்பதால் மாணவர் வசதிக்கு இழுப்பார், தள்ளுவார். ஒவ்வொரு இழுப்பிலும் பின்னால் இருக்கும் கேபிள் அந்தச் சின்னத் துளையை நெம்புகிறது. கேபிளை மேஜையின் பின்விளிம்பில் கிளிப் போட்டுப் பிடித்து, கீபோர்டுக்கும் கிளிப்புக்கும் நடுவே ஒரு சாண் தொய்வு விடுங்கள். ஒற்றை மானிட்டரை மெமரி கார்டுக்குப் பக்கத்தில் உள்ள துளையில்தான் செருக வேண்டும். அதுதான் முதல் திரைக்கானது. அதே பின்பக்கத்தில் 40 ஊசிகள் திறந்தபடி நிற்கும். மின்னணுப் பரிசோதனைக்கு அவை வரம். பிள்ளைகள் உள்ள அறையில் ஓர் ஜெம் கிளிப் 5 வோல்ட் ஊசியையும் 3.3 வோல்ட் ஊசியையும் தொட்டால் மெஷின் போயிற்று. தடித்த இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டு மறந்துவிடலாம்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் பை 400 தன் விலைக்கு வேலை செய்கிறது. மெஷின் 4 முதல் 7 வாட் எடுக்கும். 18.5 அங்குல எல்இடி மானிட்டர் 15 முதல் 20 வாட். ஓர் இருக்கைக்கு 25 வாட் என்று வைத்தால் ஆறு இருக்கைக்கு 150 வாட். வீடுகளில் உள்ள 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியை மட்டும் எடுத்து, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் 700 தேறும். நான்கு மணி நேரத்துக்கு மேல் வகுப்பு ஓடும். பழைய டவர் டெஸ்க்டாப்புகள் ஆறை இதே பேட்டரியில் மாட்டினால் பாதி வகுப்பைக்கூடத் தாண்டாது. ஃபேன் இல்லாததால் சத்தமும் இல்லை, தூசியை உள்ளே இழுக்கிற வேலையும் இல்லை. உள்ளே கீபோர்டு அகலத்துக்கு ஓர் உலோகத் தகடு சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் மே மாதத்திலும் சாதாரண வகுப்பு வேலைக்கு இது போதும்.

ஆனால் லேப்டாப்பைப் போல உள்ளே பேட்டரி கிடையாது. கண்ணிமைக்கும் நேரம் கரண்ட் போனாலும் அத்தனை திரைகளும் இருண்டு மறுபடி தொடங்கும். இன்வெர்ட்டர் இருந்தும் இப்படி ஆகிறது என்றால் அதன் பின்புறம் உள்ள சின்ன ஸ்விட்சைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் முறை, சாதா முறை என்று இரண்டு உண்டு. ஃபேன், லைட்டுக்கு சாதா முறை போதும்; அதில் மாறுகிற நேரம் அதிகம். யுபிஎஸ் முறையில் கம்ப்யூட்டர் விழிப்பதற்குள் மாறிவிடும். அதற்கு ஒரு விலை உண்டு: யுபிஎஸ் முறை ஏற்கும் வோல்டேஜ் வரம்பு குறுகியது. சாயங்காலத்தில் லைன் வோல்டேஜ் இறங்கும் தெருவில் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவி, சார்ஜ் ஏறவே நேரமில்லாமல் போகும். அங்கே ஒரு ஸ்டெபிலைசரையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்னொரு வோல்டேஜ் பிரச்சினை மெஷினுக்குள் இருக்கிறது. திரையின் மூலையில் மின்னல் குறியோ குறைந்த வோல்டேஜ் என்ற எச்சரிக்கையோ வந்தால், உள்ளே வரும் 5 வோல்ட் 4.63-க்குக் கீழ் இறங்கிவிட்டது என்று அர்த்தம். காரணம் பத்தில் ஒன்பது தடவை அடாப்டர்தான். அசல் அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அது தொலைந்ததும் யாராவது ஒருவர் செல்போன் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் செருகிவிடுவார். மெஷின் தொடங்கும், ஓடும், பென்டிரைவ் செருகியதும் தடுமாறும். மெமரி கார்டு கெடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒவ்வோர் அடாப்டரையும் அந்தந்த இருக்கை எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு டேப் போட்டு ஒட்டிவிடுவது நல்லது.

மெமரி கார்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'பை வாங்கினோம், ஆறே மாதத்தில் எல்லாம் படுத்துவிட்டது' என்று மையங்கள் சொல்லும் கதைகளில் படுத்தது பெரும்பாலும் கார்டுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அமைப்பு கலைந்து, அடுத்த முறை மெஷின் பாதியில் நின்றுவிடும். போலிக் கார்டு என்றால் கேட்கவே வேண்டாம்: 32 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8-தான் இருக்கும், நிரம்பியதும் பழைய எழுத்துகளின் மேலேயே எழுதும். வாங்கிய அன்றே எஃப்3 என்ற இலவசக் கருவியால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். முழுதாக ஓட நேரம் பிடிக்கும், ஓடட்டும்.

கரண்ட் போவதற்கு நல்ல மருந்து இந்த மெஷினில் ஓடும் லினக்ஸ் வகை இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ்-இலேயே இருக்கிறது. டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கினால், கார்டு படிக்க மட்டும் என்றாகிவிடும். மாணவர் செய்வதெல்லாம் ரேமில் எழுதப்பட்டு, அணைத்ததும் மறையும். யார் ஐகானை நீக்கினாலும், டாஸ்க்பாரைக் காணாமல் அடித்தாலும், ஒரு ரீஸ்டார்ட்டில் மெஷின் பழையபடி நிற்கும். ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும். இன்னொரு பலன் அதைவிட முக்கியமானது: பொது மெஷினில் ஒருவர் ஈமெயிலிலிருந்து வெளியேற மறந்தாலும், டிஜிலாக்கரிலிருந்து இறக்கிய ஆதார் நகல் டவுன்லோட்ஸில் கிடந்தாலும், அன்றிரவு எல்லாம் அழிந்துவிடும். வகுப்பு முடிந்ததும் மறக்காமல் அணைக்க வேண்டும், அவ்வளவே.

இதன் மறுபக்கமும் உண்டு. சேமித்த கடிதமும் சேர்ந்து அழியும். ஒரு வாரம் தட்டுத் தடுமாறித் தன் பெயரையும் முகவரியையும் அடித்து முடித்தவர் மறுநாள் வந்து ஃபைலைக் காணோம் என்றால், அவர் மூன்றாம் நாள் வரமாட்டார். ஆகவே ஓவர்லே போடும் மையம் ஆளுக்கொரு பென்டிரைவ் கொடுத்தே ஆக வேண்டும். சிறிய கொள்ளளவு போதும், பெயர் எழுதிய துணி நாடாவில் கட்டி. 'எங்கே சேமிக்கிறோம்' என்ற பாடத்துக்கு இதைவிடக் கண்கூடான கருவி கிடையாது என்பது எதிர்பாராத லாபம். அடுத்த சிக்கல் ரேம். பெரிய வீடியோவை இறக்கினால் அதுவும் ரேமைத்தான் நிரப்பும். இடம் தீர்ந்ததும் மெஷின் தடுமாறும்.

மூன்றாவது சிக்கல் பலரைச் சுற்றலில் விட்டிருக்கிறது. பை 400-க்குள் கடிகார பேட்டரி இல்லை. இன்டர்நெட் கிடைத்தால் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கிடைக்காவிட்டால் கடைசியாகக் கார்டில் எழுதிவைத்த நேரத்திலிருந்து தொடங்கும். ஓவர்லே போட்டபின் கார்டில் எதுவும் எழுதப்படாது. எனவே ஓவர்லே போட்ட அதே தேதியில் மெஷின் ஒவ்வொரு நாளும் விழிக்கும். வைஃபை சேர்ந்தவுடன் அவசரமாக பிரவுசரைத் திறந்தால் இ-சேவைத் தளமும் வங்கித் தளமும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று சிவப்பு எச்சரிக்கை காட்டும். தளத்தில் கோளாறில்லை, தேதிதான் தப்பு. ஓரிரு நிமிடம் பொறுத்து, மூலையில் உள்ள மணி சரியானதும் திறக்க வேண்டும். எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் பொத்தானை அழுத்தும் பழக்கத்தை மட்டும் புதியவர்களுக்கு எந்தக் காரணத்துக்காகவும் சொல்லித்தரக் கூடாது.

ஒரு கார்டை முழுமையாகத் தயார் செய்தபின் மற்றவற்றுக்கு உழைக்க வேண்டாம். அக்சஸரீஸ் மெனுவில் உள்ள எஸ்டி கார்டு காப்பியரால், யுஎஸ்பி ரீடரில் வெற்றுக் கார்டைச் செருகி நகலெடுக்கலாம். தமிழ் எழுத்துரு, உள்ளீடு, பிரவுசர் அமைப்பு, பாடக் கோப்புகள் எல்லாம் முடித்து, கடைசி வேலையாக ஓவர்லே. இந்த வரிசை மாறினால் செய்ததெல்லாம் முதல் ரீஸ்டார்ட்டில் போய்விடும்.

கீபோர்டும் தமிழும்

விசைகள் தட்டையானவை, ஆழம் குறைவு. ஆனால் அளவில் சுருங்காதவை. டைப்பிங் பழக ஏற்றவைதான். வலப்பக்க எண் பலகை இல்லை என்பது டேட்டா என்ட்ரி வேலைக்குத் தயாராகிறவருக்குக் குறை. அவருக்கு வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி கீபோர்டு மாட்ட வேண்டியதுதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது எந்த நாட்டுத் தளக்கோலம் (எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு) என்பது. பிரிட்டிஷ் கோலத்தில் 2-க்கு மேலே இரட்டை மேற்கோள். @ குறி என்டர் விசைக்குப் பக்கத்தில். அமெரிக்கக் கோலத்தில் @ 2-க்கு மேலே. நம்மூர் கீபோர்டுகள் எல்லாம் அமெரிக்கக் கோலம். கீபோர்டில் அச்சிட்டது ஒன்று, ஓஎஸ்-இல் தேர்ந்தெடுத்தது வேறொன்று என்றானால், ஈமெயில் முகவரியில் @ அடித்தால் மேற்கோள் விழும். பாஸ்வேர்டில் @ வைத்திருப்பவர் நிலை இன்னும் மோசம்: புள்ளிகள் மட்டுமே தெரிவதால் தப்பு எங்கே என்றே புரியாது. அமெரிக்கக் கோலமாகக் கேட்டு வாங்குங்கள். ஓஎஸ்-இலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருத் தொகுப்பை ஏற்றினால் தீரும். தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு மென்பொருள், அதோடு தமிழ்த் தளக்கோலங்கள் உள்ள எம்17என் தொகுப்பு. புதிய ராஸ்பெரி பை ஓஎஸ் வேலண்ட் என்ற திரை முறையில் ஓடுகிறது; அதில் சில செயலிகளுக்குள் தமிழ் உள்ளீடு மாறாமல் முரண்டு பிடிக்கும். ராஸ்பி-கான்ஃபிக்கின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் எக்ஸ்11 என்ற பழைய திரை முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

எந்தத் தளக்கோலத்தைக் கற்றுத்தருவது? நம்மில் பலரும் ஆங்கில ஒலிப்பு முறையில் அடிப்பவர்கள் என்பதால் அதையே சொல்லித்தரக் கை போகும். தமிழ் வழியில் ஐந்தாவது, எட்டாவது வரை படித்தவருக்கு அது இரட்டைச் சுமை. 'வள்ளி' என்று எழுத, ல-வா ள-வா என்று தமிழில் தெரிந்ததை முதலில் ஆங்கில எழுத்தாக மாற்றி, அதில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று யோசித்து, ஷிஃப்ட்டைத் தேட வேண்டும். தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ்99-இல் இந்தச் சுற்றுவழி இல்லை. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த என்ற இனச் சேர்க்கைகளுக்கும் அப்படியே. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். தொடக்கப் பள்ளியில் படித்த உயிர், மெய் வரிசையே இங்கு விதியாக இருப்பதால், படிப்பை விட்டு இருபது வருடம் ஆனவர்களும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கில எழுத்துகளை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒலிப்பு முறையே விரைவு. அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

விசைகளின்மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றி: வியர்வையில் மாதக் கணக்கில் உரிந்து, பாதி ஒட்டிய நிலையில் குழப்பும். தளக்கோலத்தை ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டு லேமினேட் செய்து மானிட்டருக்குக் கீழே நிறுத்துவது மேல். கண் திரையை விட்டு விரலுக்கு இறங்காமல் இருக்கவும் அது பழக்குகிறது.

மவுஸ் வாரம்

பிரதமர் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2017-இலிருந்து 2024 மார்ச் வரை நடந்தது. அதன் பாடநேரம் மொத்தம் 20 மணி; ஈமெயிலும் டிஜிட்டல் பணப் பரிமாற்றமும் அதற்குள் அடங்க வேண்டும். மவுஸே பிடிக்காதவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கைப்பழக்கத்துக்கே போய்விடும் என்பதை அந்தக் கணக்குப் போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் பரிந்துரை 40 மணி. அதில் முதல் 6 மணி மவுஸுக்கு.

பெட்டியில் வரும் மவுஸ் சிறியது, இலேசானது, இரு கைக்கும் பொதுவானது. பெண்களின் கைக்கும் பிள்ளைகளின் கைக்கும் நன்றாக அடங்கும். துடைப்பமும் பாத்திரமும் பிடித்துக் காய்த்த விரல்களை லேப்டாப்பின் டச்பேட் சரியாக உணர்வதில்லை. மவுஸில் அந்தத் தொல்லை இல்லை. புதியவர்களுக்கு எங்கே தடுக்கிறது என்றால், மேஜை விளிம்புக்கு வந்ததும் மவுஸைத் தூக்கி நடுவில் வைக்கலாம் என்பது தெரிவதில்லை. அம்பு நின்றுவிட்டது, மெஷின் கெட்டுவிட்டது என்று கையை எடுத்துவிடுவார்கள். அடுத்தது, கிளிக் செய்யும் அழுத்தத்திலேயே மவுஸ் நகர்ந்து, கிளிக் என்பது இழுப்பாகிவிடுவது. மணிக்கட்டை மேஜையில் ஊன்றச் சொன்னால் பாதி சரியாகும். மவுஸ் அமைப்பில் டபுள் கிளிக் இடைவெளியை அதிகபட்சமாக்குங்கள், அம்பின் அளவைப் பெரிதாக்குங்கள். செல்போன் பழகியவர்கள் திரையைத் தொட்டுத் தள்ளுவார்கள். மானிட்டரில் விரல் ரேகை விழுந்தால் கண்டிக்க வேண்டாம், 'தொடு' என்பதன் இடத்தில் 'கிளிக்' என்று சொன்னால் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

பயிற்சிக்கு ஜிகாம்ப்ரிஸ் செயலியின் மவுஸ் விளையாட்டுகள் அருமை: நகர்த்தினால் திரை துடைபட்டுப் படம் தெரிவது, பிறகு கிளிக்கில், பிறகு டபுள் கிளிக்கில். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. குழந்தைகளுக்கானது என்று பெரியவர்கள் கூச்சப்பட்டால் டக்ஸ் பெயின்ட் என்ற வரையும் செயலியில் கோலம் போடச் சொல்லுங்கள். இழுத்து விடும் பழக்கம் அதில் தானாக வரும். இன்னொரு உத்தி: ஒரே பை-யில் இரண்டு மவுஸ் செருகலாம், இரண்டும் ஒரே அம்பை நகர்த்தும். மாணவரின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காமல், ஆசிரியர் தன் மவுஸால் அம்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம். இருவர் பகிரும் இருக்கையில் தெரிந்தவரே மவுஸைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் இது ஓரளவு மருந்து.

மென்பொருளில் குறை சொல்ல அதிகம் இல்லை. லிப்ரே ஆபிஸ் (எம்எஸ் ஆபிஸ் போன்ற இலவசத் தொகுப்பு), விஎல்சி (வீடியோ பார்க்க), குரோமியம் (பிரவுசர்) எல்லாம் ஓடும். பிரவுசரில் மூன்று நான்கு டேப் வரை சுகம், பத்து திறந்தால் திணறும். யூடியூபை 720-இல் வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்க்பார் மேலே இருப்பதைக் கீழே இறக்கிவிடுங்கள். நாளை விண்டோஸ் மெஷினில் உட்காரும்போது கண் தேடாது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபிஸ் பாடங்கள் தமிழ்க் குரலில், பத்து நிமிட அளவில் இலவசமாக உள்ளன. பார்த்துக்கொண்டே பக்கத்தில் செய்துபார் என்பது அதன் முறை. இன்டர்நெட் இல்லாத இடத்துக்கு முழுத் தொடரையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பழைய தொகுப்புகளில் வீடியோ ஓஜிவி வடிவில் இருக்கும். 2024-க்குப் பின் வந்த குரோமியம் அதைக் காட்டாது, விஎல்சி-யில் திறக்க வேண்டும். பல பாடங்கள் பழைய பதிப்பில் பதிவானவை என்பதால் மெனுக்கள் கொஞ்சம் மாறித் தெரியும். புதியவருக்குப் பேச்சு வேகமும் அதிகம். ஆசிரியர் நிறுத்தி நிறுத்திப் போட்டால் மட்டுமே பயன். தமிழ் விக்கிப்பீடியாவை, இன்டர்நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலி மூலம் முழுதாக இறக்கி வைத்துத் தேடல் பழக்குவது டேட்டா செலவில்லாத நல்ல பாடம்.

பணப் பரிமாற்றப் பாடத்தை இந்த மெஷினில் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. அது அவரவர் போனில். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையில்லை என்ற ஒன்றையும், ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் சுவரில் எழுதிவைத்தால் போதும்.

எங்கே கைவிடுகிறது

வேலைக்கு என்று வந்தால் பை 400 பாதி வழித் துணைதான். கடைகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் கேட்பது டேலி. விண்டோஸுக்கான மென்பொருள் என்பதால் அது இதில் ஓடாது. ஸ்டூடியோவுக்கும் ஃபிளெக்ஸ் அச்சுக்கும் போகிறவர்கள் கேட்கும் ஃபோட்டோஷாப், கோரல் டிராவும் அப்படியே. டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் பணிக்குக் குறிவைப்பவருக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் டைப்ரைட்டிங் சான்றும் ஆபிஸ் ஆட்டோமேஷன் சான்றும் வேண்டும். அவருக்குப் பழக வேண்டியது எம்எஸ் ஆபிஸ். இ-சேவை மையம் நடத்த விரும்புகிறவருக்குக் கைரேகைக் கருவியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் வேண்டும். அவற்றின் டிரைவர்கள் இந்தச் சிப்பை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

பிரின்டரிலும் கவனம் வேண்டும். ஜெராக்ஸ் கடைகள்தோறும் இருக்கும் கேனன் எல்பிபி 2900 பழையது ஒன்று இனாமாகக் கிடைத்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அதற்குக் கேனன் தரும் லினக்ஸ் டிரைவர் இன்டெல், ஏஎம்டி வகைச் சிப்புகளுக்கு மட்டுமே; பை-யில் இருப்பது வேறு வகைச் சிப். பிரதர் நிறுவனத்தின் பல கறுப்பு வெள்ளை லேசர்கள் பிஆர்லேசர் டிரைவரில் ஓடும். பிரின்டரே வேண்டாம் என்பது இன்னும் நல்லது: விண்ணப்பத்தைப் பிடிஎஃப்-ஆக மாற்றிப் பென்டிரைவில் எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போடுவதே ஒரு பாடம். லிப்ரே ஆபிஸ் கோப்பாகக் கொண்டுபோனால் கடை மெஷினில் அந்த எழுத்துரு இல்லாமல் வரிகள் சிதறும். திரும்பி வரும் பென்டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் தொற்றியிருக்கலாம். பை-யை அது ஒன்றும் செய்யாது, அது மறைத்துவைத்த ஃபைல்களும் இதில் தெரியும். ஆனால் அந்தப் பென்டிரைவை வேறு விண்டோஸ் மெஷினில் செருகுமுன் சுத்தம் செய்தாக வேண்டும்.

போட்டிக்கு நிற்பது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்ச் சந்தைகளிலும் கிடைக்கும் பழைய அலுவலக மினி டெஸ்க்டாப்புகள்: லெனோவா டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி. ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் உள்ளவை, எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலான வேகச் சேமிப்பகம்) போட்டு, பை 400 பெட்டியோடு ஒப்பிடத்தக்க விலைக்கே வருவதுண்டு. வேகம் இவற்றில்தான் அதிகம், பிரின்டர் தொல்லை இல்லை, எஸ்எஸ்டி மெமரி கார்டு மாதிரி சாகாது. மின்சாரம் கூடக் கேட்கும், ஃபேன் தூசி இழுக்கும், வாரன்டி கடைக்காரர் வாய்ச்சொல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். ஆகவே விண்டோஸுக்கென்று வாங்கினால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். லினக்ஸ் போடுவதென்றால் பழையதே போதும். 2011-இலிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. பேட்டரி செத்திருந்தாலும் ரேம் கூட்டி, எஸ்எஸ்டி மாற்றி, லினக்ஸ் ஏற்றினால் எழுந்து உட்காரும். நன்கொடை கேட்கும்போது பணத்துக்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆறு இருக்கை மையத்துக்கு நாங்கள் சொல்வது இது: ஐந்து பை 400, எட்டாம் தலைமுறை மினி டெஸ்க்டாப் ஒன்றில் விண்டோஸ். முதல் 40 மணியும் பை-யில். டேலி, எம்எஸ் ஆபிஸ் தேவைப்படுகிறவர்கள் அதன்பின் முறைவைத்து அந்த ஒன்றில். கரண்ட் நிலையாக உள்ள ஊர், வேலைக்கென்றே வரும் இளைஞர்கள் என்றால் கணக்கு மாறும். ஆறுமே மினி டெஸ்க்டாப்பாக வாங்குங்கள், பை-யை விட்டுவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளும் பெண்களும் அதிகம் வரும், வோல்டேஜ் ஆடும் தெருவென்றால் பை-க்கே எங்கள் ஓட்டு.

உதிரியாக எப்போதும் கையிருப்பில்: நகலெடுத்துத் தயாராக வைத்த மெமரி கார்டு இரண்டு, அசல் அடாப்டர் ஒன்று, மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள் இரண்டு, மவுஸ் இரண்டு, யுஎஸ்பி கீபோர்டு ஒன்று. கீபோர்டில் டீ கொட்டினால் உடனே அடாப்டரைப் பிடுங்கி, கவிழ்த்து, இரண்டு நாள் காயவிடுங்கள். விசைகள் சில செத்திருந்தாலும் உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அப்போது அந்த யுஎஸ்பி கீபோர்டைச் செருகி ஓட்டலாம்.